அடுப்பின் மேல் பழி

என் வாயில் எதுவும் நிற்காது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை; இல்லாவிட்டால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற கடை வைத்திருப்பவனுக்கு இருக்கக்கூடாத குணம்தான். என்ன செய்வது, பிறவிக் கோளாறு. வேலைக்கு மனு, வேலையை விட்டு நிறுத்தியதற்கு மனு, பிரிந்துபோன புருஷனுக்கு நோட்டீஸ், சேர்ந்துகொள்ள வந்த புருஷனுக்குப் பதில் நோட்டீஸ் என்று ஊர்ச் சமாச்சாரமெல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். காலையில் விரல் வழியாகப் போனது சாயங்காலத்துக்குள் வாய் வழியாகவும் போய்விடும். "உங்ககிட்ட ரகசியம் சொல்றதும் ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தறதும் ஒண்ணு" என்பாள் என் வீட்டுக்காரி.

அப்படிப்பட்டவனிடம் ஒரு பெண் ஒரு பக்கம் டைப் அடித்து வைத்துவிட்டுப் போனாள். அதில் இருந்தது வெளியே தெரிந்தால் அவள் அப்பா கடைப் படியை ஒருத்தரும் மிதிக்கமாட்டார்கள். அந்தப் பக்கத்தை அழித்துப் போட்டாலோ அவளுக்கு டாக்டர் படிப்பு கிடைப்பது சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

அவள் அப்பா என் பக்கத்துக் கடை ரொட்டிக்காரர். இரண்டு கடைக்கும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அடுப்பு, இந்தப் பக்கம் என் நாற்காலி. மழைக்காலத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டால் போதும், வேலை செய்யவே மனசு வராது. வெயில் காலத்தில் அதே சுவரைப் பார்த்துத் திட்டுவேன். இது நடந்தபோதே பதினாறு வருஷமாக இப்படித்தான். மதியம் நாலு மணிக்கு அடுப்பிலிருந்து இறங்குகிற முதல் தட்டில் ஒரு பன் எனக்கு. அவருடைய வீட்டுக்காரம்மா அதை ஒரு காகிதத்தில் வைத்து, இரண்டு கடைக்கும் நடுவிலிருக்கும் பலகையில், டீ தம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு, "அண்ணே, ஆறிடப் போகுது" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்டுத்தான் எனக்கு மணி நாலு ஆகும்.

விறகு அடுப்பு அது. செங்கல்லை வளைத்துக் கட்டியது, ஓர் ஆள் தவழ்ந்து உள்ளே போகலாம். காலையிலிருந்து எரிந்த தணலை மதியம் இழுத்து வெளியே தள்ளுவார். நீளக் கம்பில் ஈரச் சாக்கைச் சுற்றி உள்தரையைத் துடைப்பார். குப்பென்று ஆவி கிளம்பும். ஆவி அடங்கியதும் இடது கையை முழங்கை வரை உள்ளே விட்டு எண்ண ஆரம்பிப்பார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." எட்டில் சுட்டால் பன்னுக்கான சூடு. அதற்கு முன்னாலேயே கையை இழுக்க வேண்டி வந்தால் அடுப்பு இன்னும் அடங்கவில்லை, காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வரை தாங்கினால் ரஸ்க்குக்குத்தான் ஆகும். ஒருமுறை சூடு காட்டுகிற முள் வைத்த கருவியை விற்க ஒருத்தன் வந்தான். ரொட்டிக்காரர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, உன் முள்ளு நேத்துப் பொறந்தது" என்று அனுப்பிவிட்டார்.

அவள் அதை எழுதுவதற்கு முந்தின வருஷம், மழை மாதத்தில் அந்த அடுப்பு கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பன் வெளியே கருகும், உள்ளே மாவாக இருக்கும். தட்டுத் தட்டாக வீண். முதலில் விறகு ஈரம் என்றார். காய்ந்த விறகு வந்தது, அதுவும் கருக்கியது. பிறகு மாவு சரியில்லை என்றார், வேறு மூட்டை வந்தது. பிறகு ஈஸ்ட் கலக்கியது சரியில்லை என்று அந்த அம்மாவிடம் பாய்ந்தார். கடைசியில் மேஸ்திரி வந்து வளைவை இடித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். புது அடுப்பு இன்னும் நன்றாகக் கருக்கியது.

நான் சும்மா இருப்பேனா? "யோவ், இன்னைக்கு ரொட்டி உண்டா, இல்ல கரி மட்டும்தானா? இஸ்திரி போடறவன் கேட்டான்" என்று சுவரைத் தட்டிக் கேட்டேன். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் கொடுப்பவர் அன்றைக்குக் கருகிய தட்டைத் தெருவோரம் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாலு வாரம் இப்படி. பிறகு ஒருநாள் பன் பொன்னிறமாக வந்தது. "மேஸ்திரி வேலை இப்பத்தான் செட்டாயிருக்கு" என்று தெரு முழுக்க நானே சொல்லி வைத்தேன். அந்த மேஸ்திரிக்கு அதனால் இரண்டு வேலைகூடக் கிடைத்தது.

அவர்களுக்கு ஒரே மகள். ரஸ்க் என்று கூப்பிடுவேன், நான் வைத்த பேர்தான். ஒல்லி, விறைப்பு, கடித்தால் நம் பல்தான் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவை அடுப்பு வெளிச்சத்தில் உட்காரவைத்து, அவருடைய இடது கையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பாள். உள்ளங்கை, புறங்கை, நக இடுக்கு, ஒன்று விடாமல் பார்ப்பாள். விறகுச் சிராய் எடுக்கிறாள் என்று நினைத்தேன். "ஏம்மா, உங்கப்பன் கையில புதையலா இருக்கு?" என்று கேட்டால், "இருந்தா உங்களுக்கும் பங்கு தரேன் மாமா" என்பாள். ஒரு வருஷமாக என் கண் முன்னால்தான் நடந்தது.

மறு வருஷம் பள்ளிப் படிப்பை முடித்தாள். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். வெளியே நல்ல மழை. விண்ணப்பத்தை மாவு சலிக்கிற பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"மாமா, இதுல கடைசிப் பக்கம் டைப் அடிச்சுத் தரணுமாம்."

வாங்கிப் பார்த்தேன். 'நான் மருத்துவம் படிக்க விரும்புவது ஏன்?' முந்நூறு சொல். எழுதியது உண்மை என்று பெற்றவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பரீட்சை மார்க்கோடு இதற்கும் மார்க் உண்டு. அதற்குக் கீழே பொடி எழுத்தில், தேர்வாகிறவர்களின் கட்டுரைகள் கல்லூரி மலரில் அச்சிடப்படும் என்று இருந்தது. அந்த மலர் எங்கள் ஊர் நூலகம், பள்ளிக்கூடம், முடிவெட்டுகிற கடை வரை வரும். போட்டோ இருக்குமே, எல்லாரும் புரட்டுவார்கள்.

"ப்பூ, இவ்வளவுதானா? உக்காரு. என்கிட்ட மூணு ரகம் ரெடியா இருக்கு. சின்ன வயசுலேர்ந்தே சேவை செய்ய ஆசைன்னு ஒண்ணு. ஊருல ஆஸ்பத்திரி இல்லைன்னு ஒண்ணு. பெரியப்பா மாரடைப்புல போனதைப் பார்த்து மனசு துடிச்சுதுன்னு ஒண்ணு. மூணாவதுதான் நல்லாப் போகுது. போன வருஷம் ரெண்டு பேருக்கு சீட்டு வாங்கிக் குடுத்துச்சு."

"எங்க பெரியப்பா நல்லாத்தான் இருக்காரு மாமா."

"மலர் வர்றதுக்குள்ள என்ன வேணா ஆகலாம்ல?"

அவள் சிரிக்கவில்லை. "நானே அடிச்சுக்கறேன். மார்க்குல நான் ஓரத்துலதான் நிக்கறேன் மாமா. இதுல விட்டா எனக்கு வேற வழி இல்ல. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"என் கடையை விட்டு என்னையே வெளிய போகச் சொல்றியா?"

"ஆமா."

போனேன். எதிர்ச்சாரியில் சாரலில் நின்று இரண்டு டீ குடித்தேன். வயசுப் பெண்ணுக்கு இத்தனை திமிரா என்று டீக்கடைக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். திரும்பி வந்தபோது முடித்திருந்தாள். "நாளைக்கு வந்து ஒருதடவை பார்த்துட்டு அச்செடுத்துக்கறேன். நாளன்னைக்குள்ள குடுக்கணும். படிக்காதீங்க மாமா" என்றாள்.

அவள் தெருவைத் தாண்டியிருக்கமாட்டாள். படித்துவிட்டேன்.

அதில் இருந்ததை இப்போது சொல்லலாம். சொல்ல எனக்கு அனுமதி உண்டு.

'போன வருடம் மழை மாதம் வரை எனக்கு மருத்துவம் படிக்கும் எண்ணம் இல்லை. என் அப்பா ரொட்டி சுடுபவர். அடுப்பின் சூட்டை இடது கையை உள்ளே விட்டு எண்ணிப் பார்ப்பார். நான்கு வாரம் ரொட்டி தொடர்ந்து கருகியது. விறகையும் மாவையும் அம்மாவையும் அடுப்பையும் குறை சொன்னோம். ஒருநாள் அப்பா எண்ணும்போது நானும் பக்கத்தில் கையை விட்டேன். மூன்று எண்ணுவதற்குள் எனக்குச் சுட்டது. அப்பா நிதானமாக எட்டு வரை போனார். அவர் கையிலிருந்த ரோமம் பொசுங்கிற்று. அவருக்குத் தெரியவில்லை.

'அப்பா, கையை மாற்றிப் போடுங்கள் என்றேன். வலது கையை விட்டார். மூன்றிலேயே இழுத்துக்கொண்டார். அடுப்பு மேல் தப்பில்லை, கையில்தான் ஏதோ இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. கையைக் கழுவச் சொன்னேன். மாவு என்று நாங்கள் நினைத்திருந்த வெள்ளைத் திட்டு ஒன்று போகவில்லை.

'பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, வெந்நீர் உள்ள கண்ணாடிக் குழாயாலும் குளிர்ந்த நீர் உள்ள குழாயாலும் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லித் தொட்டார். தொடுவது தெரிகிறது, எது எதுவென்று தெரியவில்லை என்றார் அப்பா. இது தொழுநோயின் ஆரம்பம், ஆறு மாத மாத்திரையில் குணமாகும், இதில் சூடு தெரிவதுதான் முதலில் குறையும் என்று டாக்டர் சொன்னார். பலர் விரல் மடங்கிய பிறகுதான் வருகிறார்கள், உங்களுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது என்று கேட்டார். ரொட்டி கருகியது என்றேன். இப்போது அப்பாவுக்குக் குணமாகிவிட்டது.

'ஆனால் ஒன்றை எழுதியாக வேண்டும். அப்பா வலது கையை இழுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். பயம் பிறகுதான் வந்தது. பெற்ற அப்பாவின் கையில் நோய் என்று தெரிந்து சந்தோஷப்பட்டவள் நான். இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு மறுபடியும் வேண்டும். அத்தோடு, பயந்து போயிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, சரியாகிவிடும் என்று உண்மையாகவே தெரிந்து சொல்லவும் வேண்டும். அதற்குத்தான் படிக்கிறேன்.'

இருபது வருஷமாக ஊருக்கே எழுதிக் கொடுப்பவன் நான். இப்படி ஒன்று என் மெஷினில் அடிக்கப்பட்டதில்லை. நல்ல மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் கண் கலங்கியிருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. பதினாறு வருஷம், தினம் ஒரு பன். மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். முதுகு தெரியவில்லை. கழுத்தை ஒடித்துப் பார்த்தேன். டீ தம்ளரை முழங்கையில் வைத்து அழுத்தினேன், சுட்டது. மறு முழங்கையில் வைத்தேன், அதுவும் சுட்டது. வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டீயைக் குடிக்கறதுக்குக் குடுத்தேன். உடம்புக்கு ஒத்தடம் குடுக்கறதுக்கில்ல."

"சும்மா இரு."

"என்ன, வாயைத் தொறக்க மாட்டேங்கறீங்க? யார் வீட்டுல என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் சொல்லவில்லை. அதை என் பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பயம் வாயை அடைத்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் நாலு மணி. மழை விட்டு வெயில் லேசாக அடித்தது. "அண்ணே, ஆறிடப் போகுது" என்று குரல் வந்தது. பலகையில் பன் இருந்தது, மேலே வெண்ணெய் தடவி மினுமினுவென்று. நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு வேணாம் தங்கச்சி. வயிறு சரியில்ல" என்றேன்.

அந்த அம்மா பன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காகிதத்தோடு எடுத்து முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ரஸ்க் வந்தாள். உட்காரவில்லை.

"படிச்சுட்டீங்க."

"எதை?"

"மாமா."

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"காய்ச்சல்ல கிடந்தப்பகூட அத்தையை அனுப்பி பன் வாங்கிட்டு வரச் சொன்ன ஆளு நீங்க. இன்னைக்கு வயிறு சரியில்லையாம். அம்மா உள்ள போய் மூட்டை மேல உக்காந்துட்டாங்க. அவங்களுக்குக் கட்டுரை விஷயமே தெரியாது. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் தெரிஞ்சுடுச்சு."

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"சரி, விடுங்க. அதை அழிச்சுடுங்க. பெரியப்பா செத்த மாதிரி ஒண்ணு இருக்குன்னீங்கள்ல, அதைப் போட்டுக் குடுங்க."

"அது எதுக்கு? நீ எழுதினது எவ்வளவு நல்லா..."

"நல்லா இருந்து? பதினாறு வருஷம் எங்க வீட்டு பன்னைத் தின்ன உங்களாலயே இன்னைக்கு ஒண்ணைத் தொட முடியல. மலர்ல வந்தா மத்தவங்க என்ன பண்ணுவாங்க? நான் டாக்டராகறதுக்கு எங்கப்பா கடையை மூடணுமா? போடுங்க மாமா. பெரியப்பாவைச் சாகடிங்க."

குரல் உடையவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கம். இந்த வயசில் ஒரு பெண் பிள்ளை முன்னால் இப்படி நிற்பேன் என்று நினைத்ததில்லை.

"ஒண்ணு கேக்கவா?" என்றேன்.

"கேளுங்க."

"எனக்கு... ரொட்டி மூலமா..."

"வராது மாமா. தொட்டாலும் வராது, தின்னாலும் வராது. மாத்திரை ஆரம்பிச்சப்புறம் அப்பாகிட்டேர்ந்து யாருக்கும் எப்படியும் வராது. அந்த டாக்டரம்மா அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசினாங்க, உறைகூடப் போடல. வேணும்னா கூட வாங்க, அவங்களையே கேட்டுக்கலாம். முதுகைப் பார்த்தீங்களா?"

"கண்ணாடியில பார்த்தேன். முழுசாத் தெரியல."

"திரும்புங்க" என்றாள். சட்டையைத் தூக்கிவிட்டு நின்றேன். முதுகு முழுக்கப் பொறுமையாகப் பார்த்தாள். "வேர்க்குருதான். குளிங்க" என்றாள்.

எழுந்து நேராக ரொட்டிக் கடைக்குப் போனேன். அந்த அம்மா மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். பன் பக்கத்தில் அப்படியே இருந்தது.

"தங்கச்சி, அதைக் குடு."

"வயிறு சரியாயிடுச்சா அண்ணே?"

"வயித்துக்கு ஒண்ணுமில்ல. புத்திக்குத்தான்" என்று சொல்லி வாங்கி ஒரு கடி கடித்தேன். பொய் சொல்லவில்லை, முதல் வாய் இறங்கச் சிரமப்பட்டது. ரொம்ப ருசியாக இருப்பது போல் தலையை ஆட்டினேன்.

"நடிக்காதீங்க மாமா. மெல்லுங்க" என்றாள் பின்னாலேயே வந்த ரஸ்க்.

அப்போது ரொட்டிக்காரர் பின்கட்டிலிருந்து விறகுக் கட்டோடு வந்தார். இடது கையில் துணி உறை. மகள் முகத்தைப் பார்த்தார், மனைவி முகத்தைப் பார்த்தார், பாதிப் பன்னோடு நிற்கும் என்னைப் பார்த்தார்.

"என்னய்யா, பன்னுல கல்லு கெடந்துச்சா? எல்லாம் ஏன் இப்படி நிக்கறீங்க?"

ரஸ்க் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். வாய் நிறைய பன் வேறு. அப்படியும் வந்துவிட்டது.

"உம் பொண்ணு எல்லாத்தையும் எழுதிட்டாய்யா. உன் கையைப் பத்தி. உண்மைன்னு நீதான் கையெழுத்துப் போடணும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் என் வாழ்க்கையில் நான் உளறியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ரொட்டிக்காரர் விறகை இறக்கி வைத்தார். "எழுதினதைப் படி" என்றார். அச்செடுத்துக் கொண்டுவந்தேன். அடுப்பு வாய் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட டின் மேல் அவர் உட்கார்ந்தார். நான் படித்தேன். கை மாற்றிப் போட்ட இடம், திட்டு, ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பத்தி வந்தது.

"அதை விட்டுடுங்க மாமா. அது தேவையில்ல" என்றாள் ரஸ்க்.

"எதை விடச் சொல்றா? படிய்யா."

படித்தேன். பெற்ற அப்பாவின் கையில் நோய் என்று தெரிந்து சந்தோஷப்பட்டவள் என்ற வரியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் படித்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ரொட்டிக்காரர் 'ம்' கொட்டவில்லை. எழுந்து போய் அடுப்பு மூடியைச் சரியாக இருந்ததையே இன்னொரு தடவை சரிசெய்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

"என்ன தப்பு?" என்றேன். எழுத்துப் பிழையே விடாதவள் ஆயிற்றே.

"முதல்ல சந்தோஷப்பட்டது இவ இல்ல. நான்."

எங்களுக்குப் புரியவில்லை.

"யோவ், அந்த நாலு வாரம் நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா? தொழில் என்னை விட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சேன். சின்ன வயசுல மாவுல கை வெச்சவன். வேற எதுவும் தெரியாது. விறகைத் திட்டினேன், மேஸ்திரியைத் திட்டினேன், பாவம், இவ அம்மாவைத் திட்டினேன். உள்ளுக்குள்ள எனக்குத் தெரியும், தப்பு என்கிட்டதான். புத்தி மழுங்கிடுச்சு, கணக்கு மறந்துபோச்சு, இனிமே நான் ஒண்ணுக்கும் ஆக மாட்டேன்னு. நீ வேற கரி இருக்கான்னு கேட்டே. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கையை மாத்திப் போடுன்னா. போட்டேன். மூணுல சுட்டுச்சு பாரு, அப்பாடான்னு இருந்துச்சு! என் எண்ணிக்கையில தப்பில்ல, கைதான் கோளாறு. கை போனா போகுது, இன்னொண்ணு இருக்கு. தொழில் போகலையே! அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம், இவ பொறந்தப்பகூட அவ்வளவு வரல. எழுதிக்க. அப்பாவும் அப்பச் சந்தோஷப்பட்டாருன்னு கீழ ஒரு வரி போடு. கையெழுத்துப் போடறேன்."

அந்த அம்மாதான் கேட்டார், "கடை?"

"என்ன கடை?"

"அச்சாகி ஊரெல்லாம் படிச்சப்புறம் ஒருத்தரும் படியேறலைன்னா?"

ரொட்டிக்காரர் உறையைக் கழற்றி, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இவன் வாயால போறதுக்கு என் வாயால போகட்டும். வர்றவங்க வரட்டும். எனக்காக இவ பொய் எழுதி காலேஜுக்குள்ள போக வேணாம்" என்றார்.

எனக்குக் கதையை ஒழுங்கு முறையாகச் சொல்லத் தெரியாது. கேட்கிறவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற அவசரம் இருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இடம் கிடைத்தது. இரண்டாவது வருஷம் படிக்கிறாள். மலர் வருவதற்கு முன்னால் ஒரு வாரம் ரொட்டிக்காரர் கல்லாவில் நின்று, வந்தவர்கள் எல்லாரிடமும் கையைக் காட்டித் தானே சொன்னார். சிலர் அப்படியே திரும்பிப் போனார்கள். டீக்கடைக்காரர் ரொட்டி எடுப்பதை நிறுத்தினார், இன்றுவரை எடுக்கவில்லை. பாதிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். முன்னே மாதிரி இல்லை, நாலு தட்டு இறங்கிய இடத்தில் இப்போது இரண்டுதான் இறங்குகிறது. அவர் கையை இப்போது அந்த அம்மா பார்க்கிறார், பார்க்கும்போதெல்லாம் திட்டுகிறார். ஆனால் எனக்கு அந்தச் சாயங்காலத்தைத்தான் முடிக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டு முடித்தார். ரஸ்க் காகிதத்தை வாங்கி, அப்பாவுக்காக நான் சேர்த்த வரியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா? ஒரு வருஷமா நான் உங்க மூஞ்சியப் பார்க்கவே..."

"எப்படிச் சொல்றது? நீ அழுதுட்டிருந்தே. அந்த நேரத்துல நான் சிரிச்சா நல்லாவா இருக்கும்?"

"நான் எதுக்கு அழுதேன்னு நெனச்சீங்க? சந்தோஷப்பட்டுட்டேனேன்னு அழுதேன்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ரொட்டிக்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கு. அழுகையும் சேர்ந்து வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். நானும் எதற்கென்று தெரியாமல் சிரித்தேன்.

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அப்போ," என்றார் மெதுவாக, "அந்த ஆறு மாசமும் நெசமா பயந்து அழுதது நான் ஒருத்திதானா?"

எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

ரஸ்க் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், அம்மாவை ஒட்டி அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்தாள். மாவு அப்பிய அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"சரியாயிடுச்சும்மா. அப்பாவுக்குச் சரியாயிடுச்சு."

"அது எனக்குத் தெரியும்டி" என்றார் அந்த அம்மா. "இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லு."